இரும்புத் தையல்

மண்ணெண்ணெயில் ஊறிய எஞ்சின் புளொக்கைத் துணியால் அழுத்தித் துடைத்து, அதன் பக்கச் சுவரில் சுண்ணக்கட்டித் தூளை ஊதிவிட்டுச் சுதர்ஷிகா பின்னுக்கு நகர்ந்து நின்றாள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டு நிற்பதுதான். அவளைச் சுற்றி நின்ற ஆண்களும் பேச்சை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். வெள்ளைப் பூச்சில் முதலில் ஒரு புள்ளி கறுத்தது. பிறகு அந்தப் புள்ளியிலிருந்து மயிரிழை போன்ற ஒரு கோடு கிளம்பியது. வெடிப்புக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் வெளியே கசியக் கசியக் கோடு நீண்டது. ஒரு போல்ட் துவாரத்துக்குக் கீழே வளைந்து, அவசரத்தில் போட்ட கையெழுத்தின் கடைசி இழுப்பைப்போல மெலிந்து நின்றது. ஒரு சாண் இருக்கும்.

“கண்ணுக்குத் தெரிஞ்சது பாதிதான். மிச்சம் இதுதான்” என்றாள் சுதர்ஷிகா.

ஜெமீல் குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டிருந்தார். கிண்ணியாவிலிருந்து பட்டா என்கிற சின்ன லொறியில், தன் காரிலிருந்து கழற்றிய அந்தப் புளொக்கை ஏற்றிக்கொண்டு, கூடவே நான்கைந்து பேரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம்தான் இருந்தது. அதை வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்திருப்பார்கள் போல. இங்கேயும் ஆளுக்கொரு தரம் சொன்னார்கள். வார்ப்பிரும்பு வெடித்தால் வெடித்ததுதான். நிசான் டீசல் எஞ்சின் ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டுப் பேசாமல் ஓடலாம்.

ஜெமீல் நிமிரவில்லை. “தங்கச்சி, இவங்கட கதைய விடுங்க. உங்களால ஏலுமா, ஏலாதா? ஒரு சொல்லுச் சொல்லுங்க.”

“ஏலும் நானா.”

யோசித்து முடிக்குமுன் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு சுதர்ஷிகாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஏறி உட்கார்ந்தது. பயம் என்று சொல்ல முடியாது, பயத்துக்குப் பக்கத்து வீட்டில் இருப்பது. ஆண்களில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அந்தப் புருவத்தைக் கண்டதும் அவள் இன்னொரு முறையும் சொன்னாள். “ஓம், ஏலும். வைச்சிட்டுப் போங்கோ.”

உட்துறைமுக வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்தது அவளுடைய லேத் கடை. வள்ளங்களின் தண்டு, விசிறி, தண்ணீர்ப் பம்பு, ஐஸ் ஆலைகளின் தேய்ந்த உருளைகள், எல்லாம் அவளிடம்தான் வரும். கொழும்பில் கப்பல் திருத்தும் இடமொன்றில் கடைச்சல் வேலைக்குச் சேர்ந்து, மெசினில் நின்று, பிறகு மெசின்களுக்குப் பொறுப்பாக நின்று, கலியாணத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பியவள். ஒரு பொம்பிளை லேத் கடை போட்டால் யார் வருவார்கள் என்று கேட்டவர்களின் வள்ளங்களும் இப்போது அவள் கடைந்த தண்டில்தான் ஓடுகின்றன. பாலையூற்றுத் தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் சுவாமியார் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் வைக்கும்போது அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அது தன் பாவம் என்று அவளுக்குத் தெரியும். அதை விட்டுவிட வேண்டுமென்று ஒருநாளும் உண்மையாகத் தோன்றியதில்லை.

ஜெமீலின் கார் ஒரு ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். பால்நிறம், பின்னால் மீன்செட்டை போல எழும்பி நிற்கும் இரண்டு விளிம்புகள், ஸ்ரீ போட்ட பழைய இலக்கத் தகடு. இந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணத்தன்று மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வரவேண்டும். கிண்ணியாவில் அந்த மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வருவது ஜெமீலின் ஒஸ்ரின். ஊரில் நடுவயதைத் தாண்டிய ஆண்களில் பாதிப்பேராவது அதன் பின்சீட்டில் புதுச்சட்டையோடு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். இப்போது அவருடைய மகள் ஷிஃபானாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை மூதூர்ப் பெடியன், அப்ராஸ் என்று பெயர். ஊரார் மாப்பிள்ளைகளையெல்லாம் கொண்டுவந்து இறக்கிய கார் சொந்த வாசலுக்கு மாப்பிள்ளை கொண்டுவரப் போகிறது என்று ஜெமீல் நாள் குறித்ததிலிருந்து சொல்லித் திரிந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் நிலாவெளிப் பக்கம் ஒரு கலியாண ஓட்டத்துக்குப் போன வழியில் ரேடியேற்றர்க் குழாய் வெடித்தது. பிந்திவிடுமே என்ற அவசரத்தில், கொதித்துக்கொண்டிருந்த எஞ்சினுக்குள் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு வாளிப் பச்சைத்தண்ணீரை அப்படியே ஊற்றினார். உள்ளே ஒரு சத்தம் கேட்டது. யார் கேட்டாலும் அவர் அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார். வேறு விளக்கம் சொல்வதில்லை.

“ஒஸ்ரினுக்குள்ள வேற எஞ்சின வெச்சா அது ஒஸ்ரின் இல்ல தங்கச்சி, ஒஸ்ரின்ட சட்டையப் போட்டுக்கிட்டு வேற யாரோ வாற” என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

சுதர்ஷிகாவின் மனதில் இருந்த வேலை வேறு. கொழும்பில் ஒருமுறை வெளிநாட்டுக் கப்பலொன்றின் பெரிய எஞ்சினில் வெடிப்பு விழுந்தபோது அதைத் திருத்துவதற்கென்று தனியாக ஆட்கள் வந்தார்கள். நெருப்பே மூட்டவில்லை. வெடிப்பின் இரண்டு முனைகளிலும் துளை போட்டு, அது இனி ஓடாதபடி நிறுத்தினார்கள். பிறகு வெடிப்பின் மேலேயே துளைபோட்டு, மரைவெட்டி, ஒரு திருகாணியை இறுக்கி, தலையை வெட்டி, அந்தத் திருகாணியின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு அடுத்த துளை, அடுத்த திருகாணி என்று வரிசையாகப் போனார்கள். கிழிந்த சீலையைத் தைப்பதுபோல இரும்பைத் தைத்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரங்களில் அவள் சாப்பிடாமல் அங்கே போய் நின்றாள். நின்று பார்த்தாளே தவிர, தன் கையால் ஒருநாளும் செய்ததில்லை.

அன்று பின்னேரம் கணவன் றொஷான் வேலையிலிருந்து நேரே கடைக்கு வந்தான். துறைமுகத்தில் அவன் வெல்டிங் வேலை செய்கிறவன். இழுவைக்கப்பலின் அடித்தகடுகளில் அவன் போட்ட ஒட்டைத் தடவினால் கை வழுக்கும் என்பார்கள். புளொக்கைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“தைக்கிறதெண்டா எவ்வளவு நாள் செல்லும்?”

“தெரியாது. ஒவ்வொண்டும் பொறுமையாச் செய்யவேணும்.”

“கலியாணத்துக்கு முந்தி எஞ்சினப் பூட்டி ஓடியும் பாக்கவேணுமெல்லே சுதா. நான் நிக்கல் குச்சியில வெல்டிங் அடிச்சுத் தாறன். சூடாக்கி அடிச்சா நிக்கும்.”

“முழுப் புளொக்கையும் ஒரே சீராச் சூடாக்கவேணும். எங்களிட்ட அதுக்கு உலை இல்ல.”

“வெடிச்ச பக்கத்த மட்டும் நல்லாச் சூடாக்குவம். பிறகு சாம்பலுக்குள்ள புதைச்சு விடுவம். மெல்ல ஆறும்.”

அவளுக்குத் தெரியும். வார்ப்பிரும்பின் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் நின்றால் என்ன நடக்கும் என்பது கொழும்பில் முதல் மாதத்திலேயே படித்தது. ஆனால் றொஷானின் முகத்தில் இருந்த ஆசையும் தெரிந்தது. அவளுடைய கடையில் அவளுக்காக ஒரு பெரிய வேலையைத் தன் கையால் செய்துகொடுக்கும் ஆசை. அதோடு அவளுக்கும் உள்ளூர ஒரு பயம் இருந்தது. செய்து பார்த்திராத வேலையைவிடப் புருசனின் தேர்ந்த கை நிச்சயமானது என்று அந்தப் பயம் சொன்னது. “சரி” என்றாள்.

சனிக்கிழமை காலையில் செய்தார்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரியில் தணல் மூட்டி, வாயுச் சுடரால் பக்கச் சுவரைச் சூடாக்கி, றொஷான் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டினான். ஒரு சிறு துண்டு ஒட்டுவான், சுத்தியலால் மெதுவாகத் தட்டுவான், பொறுப்பான், மறுபடி ஒட்டுவான். அழகான வேலை. முடித்தபோது மீன் செதிலை அடுக்கி வைத்ததுபோல ஒட்டு ஒரே வரிசையாகக் கிடந்தது. சாம்பலுக்குள் புதைத்து, மேலே ஈரமில்லாத சாக்குகளைப் போட்டு மூடிவிட்டு, இருவரும் கடைவாசலில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தார்கள். றொஷான் பாரைமீன் துண்டைப் பிட்டுப் பாதியை அவள் பக்கம் வைத்தான். அப்போதுதான் கேட்டது. பெரிய சத்தமில்லை. மெல்லிய கண்ணாடிக் குவளையை நகத்தால் சுண்டினால் எழும் சத்தம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே சத்தம் இன்னொரு தரம் கேட்டது.

புளொக் முழுவதும் ஆறியபின் மண்ணெண்ணெயும் சுண்ணக்கட்டியும் மறுபடி வந்தன. ஒட்டு அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில், ஒட்டோடு ஒட்டி, புதிதாக ஒரு கோடு. அது பழைய வெடிப்புக்கு மேலால் போய், கீழ்நோக்கி இறங்கி, புளொக்கின் அடிவிளிம்பைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

றொஷான் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தான். “நான் போய் ஜெமீல் நானாவிட்டச் சொல்லுறன். நான்தான் அடிச்சனான். என்ர பிழை.”

“கடை என்ர. ஏலும் எண்டு சொன்ன வாயும் என்ர” என்றாள் சுதர்ஷிகா. “நீங்கள் வரவேண்டாம்.”

அவள் தொலைபேசியில் சொல்லவில்லை. கிண்ணியா பஸ்ஸில் ஏறிப் போனாள். பாலத்தின் மேலால் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் வெயிலில் தகடாகக் கிடந்தது. வழமையாக அவள் யன்னலோரம் உட்கார்ந்து ரசிக்கிற இடம். அன்று மடியில் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டு போனாள். ஜெமீலின் வீட்டு முற்றத்தில் ஒஸ்ரின் நின்றது. பொனற் திறந்து, உள்ளே எஞ்சின் இருந்த இடம் வெறும் குழியாக இருந்தது. அவருடைய மனைவி நஜ்முன் நிஸா கதிரை எடுத்துப் போட்டார். சுதர்ஷிகா உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். அவசரத்துக்கு ஒட்டப் பார்த்ததையும் அது பிழைத்ததையும், இப்போது இரண்டு வெடிப்பு என்பதையும் சொன்னாள். ஒட்டியது யார் என்று சொல்லவில்லை.

ஜெமீல் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காரின் குழிக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நீங்க ஏலும் எண்டதால நான் எல்லார்ட வாயையும் அடைச்சன் தங்கச்சி. இனி அவங்கட வாய நான் என்னத்தக் கொண்டு அடைக்கிற?”

நஜ்முன் நிஸா தேத்தண்ணி கொண்டுவருவதற்குள் அவள் படலையைத் தாண்டிவிட்டாள்.

அதன்பிறகு அவரிடமிருந்து பேச்சுமூச்சில்லை. புளொக்கைத் திருப்பி எடுக்கவும் ஆள் வரவில்லை. சுதர்ஷிகா அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டு, வள்ளத்தண்டு ஒன்றைக் கடைந்துகொண்டிருந்த ஒரு காலைநேரம், ஷிஃபானா தனியாக வந்தாள். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறவள். இரவுக் கடமை முடிந்து வெள்ளை உடுப்போடு நேரே வந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. நித்திரை இல்லாத சிவப்புத்தான், அழுததல்ல.

“அக்கா, நான் பாக்கலாமா?”

சுதர்ஷிகா சாக்கை எடுத்தாள். ஷிஃபானா குனிந்து, காயத்தைப் பார்க்கிற ஆளைப்போல, தொடாமல், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தாள்.

“வாப்பா ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடல்ல. மாப்பிள்ளைய வேனில கொண்டு வருவம் எண்டு நான் சொன்னன். என்னோட கதைக்கிறதயும் விட்டிட்டாரு.” சிரித்தாள். “அவர்ட பிடிவாதம் எனக்கும் இரிக்கி. அதால விளங்குது. நான் கேட்டுப்போகத்தான் வந்தன். ஏலாது எண்டா இண்டைக்கே சொல்லிடுங்க. வாப்பாவ நான் சமாளிக்கிறன். உங்களில ஒருத்தரும் குறை சொல்ல விடமாட்டன். ஏலும் எண்டாலும் இண்டைக்கே சொல்லுங்க.”

இந்த வேலையிலிருந்து வெளியே போகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள் இந்தப் பிள்ளை என்று சுதர்ஷிகாவுக்கு விளங்கியது. மரியாதையாக, யாருக்கும் நோகாமல் வெளியேறிவிடலாம். அவள் புளொக்கைப் பார்த்தாள். முதலாவது கோடு. இரண்டாவது கோடு. அதற்கு நடுவில் றொஷானின் அழகான, உதவாத ஒட்டு. எத்தனை திருகாணி வேண்டும், எந்த இடத்தில் சுவர் மெல்லியது, எந்த இடத்தில் துளை ஆழமாகப் போனால் உள்ளே சிலிண்டர்ச் சுவரில் முட்டும் என்று கண்ணால் அளந்துகொண்டு போனாள். போல்ட் துவாரத்துக்குக் கீழே வெடிப்பு வளையும் இடத்தில் கண் நின்றது. அந்த இடம் சிக்கல். அங்கே துளைகளை நெருக்கமாகப் போடவேண்டும். போடலாம். ஷிஃபானா அவசரப்படுத்தாமல் நின்றாள். லேத் வீணாகச் சுற்றிக்கொண்டிருந்தது; சுதர்ஷிகா கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

“ஏலும் பிள்ளை” என்றாள். இந்த முறை அந்தச் சொல் வாயிலிருந்து குதிக்கவில்லை. எடை போட்டு எடுத்து வைத்ததாக இருந்தது. “வாப்பாவச் சாப்பிடச் சொல்லுங்கோ.”

முதல் வேலை றொஷானுடையதாக இருந்தது. தான் போட்ட ஒட்டைத் தானே அரைக்க வேண்டும். சூட்டில் வெளிறி இறுகிப்போன இடங்களில் துளைகருவியின் முனை ஏறவில்லை, மழுங்கிச் சிணுங்கியது. றொஷான் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, அரைக்கும் கல்லைப் பிடித்து, செதில் செதிலாகத் தன் வேலையை எடுத்தான். இடையில் ஒருமுறை நிமிர்ந்து, “இவ்வளவு வடிவா ஒருநாளும் அடிச்சதில்ல, தெரியுமோ?” என்றான். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சத்தம் கேட்ட நாளிலிருந்து அவர்களுக்கிடையில் நின்றுகொண்டிருந்த ஏதோ ஒன்று எழுந்து வெளியே போனது.

திருகாணிகளுக்கு இரும்பு வேண்டும். கடையில் வாங்குகிற ஆணி சரிவராது. சூட்டில் புளொக் விரிகிற அளவுக்கே அதுவும் விரியவேண்டும், சுருங்குகிற அளவுக்கே சுருங்கவேண்டும். றொஷான் பழைய இரும்புக் கடையொன்றில் தேடி, மீன்பிடிப் படகில் வலை இழுக்கும் வின்ச்சின் உடைந்துபோன சில்லொன்றைக் கொண்டுவந்தான். நல்ல பழைய வார்ப்பு. வெட்டிப் பார்த்தபோது சாம்பல்நிறத்தில் சீராக இருந்தது. அதை அவள் குச்சிகளாக அறுத்து, லேத்தில் கடைந்து, மரை வெட்டினாள். வார்ப்பிரும்பு சுருளாக வராது; கறுப்புத் தூளாகத்தான் கொட்டும். அந்தத் தூள் நகக்கண்களிலும் கழுத்து மடிப்பிலும் மூக்கிலும் ஏறியது. வீட்டில் சவர்க்காரம் போட்டுக் குளித்த பிறகும் தலையணையில் ஒரு கறுப்பு நிழல் விழுந்தது.

முனைகளில் நிறுத்துத் துளைகளைப் போட்ட பிறகு தையல் தொடங்கியது. துளை. மரை. தூளை ஊதி வெளியேற்றல். திருகாணியைக் கையால் ஏற்றி, பிறகு சாவியால் இறுக்கல். இறுக்கத்தில்தான் எல்லாமே இருந்தது. கொஞ்சம் குறைந்தால் கசியும். கொஞ்சம் கூடினால் வெடித்த இரும்பை இன்னும் பிளக்கும். முதல் சிலவற்றில் அவளுடைய தோள் இறுகியிருந்தது. பிறகு மெல்ல மெல்ல மணிக்கட்டுக்கு ஒரு அறிவு வந்தது. திருகாணி ‘போதும்’ என்று சொல்லும் இடம் ஒன்று இருந்தது. அதைக் காது கேட்கவில்லை, கைதான் கேட்டது. வளைகிற இடத்தில் மரைவெட்டும் கருவி உள்ளே முறிந்தது. ஒரு காலைப்பொழுது முழுவதும் அந்த முறிந்த துண்டைத் தட்டித் தட்டி எடுப்பதிலேயே போனது. வள்ளக்காரர்கள் வந்து வாசலில் நின்று பார்த்தார்கள். தண்டு எப்போது கிடைக்கும் என்று கேட்க வந்தவர்கள் கேட்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மட்டும், “சட்டைக்குப் பொத்தான் வைக்கிறியளோ?” என்று கேட்டார். “ஓம், ஊசிதான் கொஞ்சம் பெரிசு” என்றாள் அவள் தலையைத் தூக்காமல்.

கடைசித் திருகாணியின் தலையை அறுத்து, வரிசை முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டி நெருக்கி, அரத்தால் இழைத்து மட்டமாக்கியபோது, சுவரில் இரண்டு வரிசை வட்டங்கள் மங்கலாகத் தெரிந்தன. சங்கிலி போல ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடந்தன. இனித்தான் பரீட்சை. தண்ணீர் போய்வரும் வாய்களையெல்லாம் தகடும் ரப்பரும் வைத்துப் பூட்டி, கொதிநீரை உள்ளே விட்டுச் சூடேற்றி வடித்து, காற்றை அடித்து அழுத்தம் ஏற்றினாள். றொஷான் சவர்க்கார நுரையைத் தூரிகையால் தடவினான். நுரை அசையாமல் நின்றது. பிறகு, வளைகிற இடத்தில், கடுகளவு குமிழொன்று எழும்பிப் பட்டென்று உடைந்தது. இன்னொன்று எழும்பியது.

“விடலாம் சுதா. இவ்வளவு சின்னன் தானா அடைபடும். மருந்து ஊத்தினாப் போதும்” என்றான் றொஷான்.

“இல்ல” என்றாள். காற்றை இறக்கி, அந்த ஒரு திருகாணியைத் துளைத்து எடுத்து, அதைவிடக் கொஞ்சம் தடித்த ஒன்றைக் கடைந்து வந்து, அதே இடத்தில் வைத்து இறுக்கினாள். மறுபடியும் கொதிநீர், காற்று, நுரை. அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தபடி இருவரும் நின்றார்கள். வெயில் கூரைத்தகட்டின் ஓட்டையால் இறங்கிப் புளொக்கின் மேல் விழுந்திருந்தது. நுரை அந்த வெயிலில் மெல்ல மெல்லக் காய்ந்து, வெள்ளைக் கோடாகப் படிந்து, உதிர்ந்தது. ஒரு குமிழ் இல்லை. முள் ஏற்றிய இடத்திலேயே நின்றது.

சுதர்ஷிகா தொலைபேசியை எடுத்தாள். விரல் முழுக்கக் கறுப்புத் தூள். திரையில் விரலடையாளம் பதிந்தது. “நானா, வந்து பாருங்கோ” என்று மட்டும் சொன்னாள்.

ஜெமீல் தனியாக வந்தார். இந்த முறை கூட்டமில்லை. கையில் ஒரு பொதி இருந்தது. பிரித்தபோது உள்ளே புத்தம்புது ரேடியேற்றர்க் குழாய்கள் இருந்தன. மேலே போகிறது, கீழே போகிறது, ஹீற்றருக்குப் போகிறதுகூட இருந்தது. யாரும் அவரிடம் வாங்கிவரச் சொல்லவில்லை. அதை மேசையில் வைத்துவிட்டு, புளொக்கின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தையலின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை விரலால் தடவிக்கொண்டே போனார். திரும்பி முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வந்தார்.

“மாஷா அல்லாஹ்” என்றார் மெதுவாக. பிறகு எழுந்து நின்று, “தங்கச்சி, அண்டைக்கு நான் உங்களுக்குத் தேத்தண்ணி தராம அனுப்பிட்டன்” என்றார்.

“நான்தான் குடிக்காம வந்தனான் நானா.”

எஞ்சின் கிண்ணியாவில் பூட்டப்பட்டது. பூட்டிய நாள் அவளும் றொஷானும் போயிருந்தார்கள். முதல் தரம் திருகியபோது இருமியது. இரண்டாம் தரம் பிடித்துக்கொண்டது. முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. ஜெமீல் பின்னால் போய்ப் புகைக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உள்ளே தண்ணீர் கசிந்தால் கையில் ஈரம் தெரியும். கையை எடுத்து எல்லாருக்கும் விரித்துக் காட்டினார். உலர்ந்த கை. நிசான் எஞ்சின் வைக்கச் சொன்னவர்களில் இருவர் அங்கே நின்றார்கள். ஒருவர் தனக்கு முதலே தெரியும் என்றார். சுதர்ஷிகாவுக்குள்ளே, அடிவயிற்றிலிருந்து தொண்டைவரை, அந்த எஞ்சின் ஓடுகிற ஓட்டத்துக்கே ஏதோ ஒன்று சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

கலியாணத்தன்று ஜெமீலே கார் ஓட்டினார். பெண்ணின் வாப்பா சாரதியாகப் போவதா என்று குடும்பத்துக்குள் பேச்சு எழும்பியது. “இந்த ஊரு மாப்பிள்ளைமாரயெல்லாம் நான்தான் கொண்டு வந்தன். என்ட மருமகன மட்டும் வேற ஆளா கொண்டு வாற?” என்று ஒரே கேள்வியில் அதை முடித்துவிட்டார். இன்னொன்றும் சொன்னார்: முன்சீட்டில் சுதர்ஷிகா வரவேண்டும். அவள் மறுத்துப் பார்த்தாள். நஜ்முன் நிஸா வந்து கையைப் பிடித்து ஏற்றினார். அவளுடைய நல்ல சீலை, நீலநிறம், ஈஸ்ரர்த் திருநாளுக்குக் கட்டியது. றொஷான் பின்னால் வந்த வேனொன்றில் சிரித்துக்கொண்டு ஏறினான்.

மூதூரில் அப்ராஸைத் தலைப்பாகையோடும் ஒரு மாமாவோடும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஊர்வலம் திரும்பியது. முன்னால் ஒஸ்ரின், பின்னால் வேன்களும் மோட்டார் சைக்கிள்களும். கங்கைப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் வந்ததும் வீதியில் ஒரு எருமைப் பட்டி ஏறியது. வயல் பக்கத்திலிருந்து மேய்ச்சலை முடித்துக்கொண்டு வருகிற கூட்டம். கறுப்பு முதுகுகளும் சேறும், இடையில் இரண்டு கன்றுகளும். மேய்க்கிறவர் தூரத்தில் ஆறுதலாக வந்துகொண்டிருந்தார். ஜெமீல் காரை நிறுத்தினார். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வாகனங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. நேர்வெயில். காற்று அசையவில்லை.

சூடு காட்டும் முள் மெல்ல ஏறியது.

ஜெமீல் அதைப் பார்த்தார். சுதர்ஷிகாவும் பார்த்தாள். இருவரும் பார்க்காதவர்கள் போல எருமைகளைப் பார்த்தார்கள். முள் இன்னும் கொஞ்சம் ஏறியது. நடுவைத் தாண்டியது. அவளுடைய மணிக்கட்டு, மடியில் கிடந்தபடியே, ஒவ்வொரு திருகாணியும் ‘போதும்’ என்று சொன்ன இடத்தை நினைத்துக்கொண்டது. வளைவில் இருந்த அந்தத் தடித்த ஒன்றையும் நினைத்துக்கொண்டது. முள் நடுங்கியது. பிறகு நின்றது. அங்கேயே நின்றது.

பின் வேனிலிருந்து ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தார். “ஜெமீல் நானா, வெடிச்ச எஞ்சினாமே! கொதிக்க முந்தித் தண்ணி ஊத்துவமா?”

“அந்தத் தண்ணிய நீங்க குடிங்க” என்றார் ஜெமீல். “வெடிச்சதுதான். தைச்சிரிக்கி. தைச்ச ஆள் இந்தா, முன்னுக்கு இரிக்காங்க.”

போத்தல்காரர் யன்னலால் குனிந்து சுதர்ஷிகாவைப் பார்த்தார். பின்சீட்டு மாமாவும் முன்னால் சாய்ந்தார். இரும்பைத் தைக்கிறதா என்ற கேள்வி ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய், வேன்களின் கதவுகள் திறபட்டு, வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். எங்கே, காட்டுங்கோ என்றார்கள். அவள் இறங்கினாள். சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் மேல் பொனற்றைத் தூக்கி நிறுத்தினாள். வெக்கை முகத்தில் அடித்தது. பூட்டும்போது புளொக்கின் சுவர் முழுவதும் அடித்த புதுப்பச்சை வர்ணம், தையலையும் மூடி, ஒரே மட்டமாக, வெயிலில் மினுங்கியது.

ஆண்கள் தலைகளை உள்ளே நுழைத்தார்கள். “இதா?” “இல்ல, இது வார்ப்புக்கோடு.” “இந்தப் பக்கமா இரிக்கும்.” விரல்கள் சூட்டுக்குப் பயந்து அந்தரத்தில் நின்று தேடின. அப்ராஸ் பின்கதவைத் திறந்து இறங்கிவந்து, தலைப்பாகை விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றவர்களின் தோள்களுக்கிடையில் குனிந்தான். ஜெமீல் மட்டும் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருந்து சிரித்துக்கொண்டிருந்தார். எங்கே என்று எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் காட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர்களுக்குப் பின்னால், சேறு காய்ந்த கடைசி எருமை நடுவீதியில் நின்று, அந்த வெள்ளைச் சட்டைக் கூட்டத்தையும் ஓடிக்கொண்டிருந்த காரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் மறுபக்கம் இறங்கியது.